தற்காப்புக்கு எந்தக் கலையைக் கற்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தற்காப்புக்காக ஏதேனும் ஒரு சண்டைக் கலையைக் கற்பது என்று முடிவு செய்தவர்கள்கூட, எதில் சேருவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் பல ஆண்டுகள் ஜூடோவும் அதன்பின் சில ஆண்டுகள் குத்துச்சண்டையும் பயின்றவன். அந்தச் சார்பு எங்கேனும் தலைகாட்டினால் வாசகர் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், தற்காப்புக்கு மிகச் சிறந்த கலை எது?

உங்களால் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை தவறாமல் போய்வர முடிகிற தொலைவில், விட்டுக்கொடுக்காத எதிராளியோடு மோதிப் பழக வைக்கும் கலை எதுவோ அதுதான். குத்துச்சண்டை, தாய்லாந்தின் முய் தாய், ஜூடோ, மல்யுத்தம், தரையில் மடக்கிப் பிடிக்கும் பிரேசிலிய ஜியு ஜிட்சு ஆகிய ஐந்தும் பெரும்பாலான பயிற்சிக்கூடங்களில் இந்த நிபந்தனைக்குள் வந்துவிடுகின்றன. கராத்தே, டேக்வாண்டோ, கிராவ் மகா ஆகியவை சில கூடங்களில் வரும், சில கூடங்களில் வராது. ஒன்றை மட்டும் சொல் என்று என்னை வற்புறுத்தினால், அடிக்கும் கலை ஒன்றையும் பிடிக்கும் கலை ஒன்றையும் தலா ஓராண்டாவது கற்றவரே எல்லாரையும்விட ஆயத்தமானவர் என்பேன். ஆனால் பெயர்ப்பலகையைவிட உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம் என்பதால், அடுத்த கேள்வியை முதலில் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: மோதிப் பழகுவதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? உத்திகளைச் சரியாகக் கற்றால் போதாதா?

ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகன் என்னும் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அவருக்கு முந்தைய ஜுஜுட்சு என்னும் ஜப்பானியச் சண்டை மரபுகளில் உயிருக்கும் உறுப்புக்கும் ஊறு விளைவிக்கும் உத்திகள் நிறைய இருந்தன. ஆபத்தானவை என்பதாலேயே அவற்றை முழு வேகத்தில் எவர்மீதும் செய்துபார்க்க வழியில்லை. ஒருவர் முன்பே வகுத்தபடி தாக்குவார், மற்றவர் முன்பே தெரிந்த விடையைச் செய்துகாட்டுவார். கானோ அவற்றைக் கத்தா எனப்படும் வரிசைப் பயிற்சியில் ஒதுக்கிவைத்துவிட்டு, எஞ்சியவற்றை ரண்டோரி என்னும் கட்டற்ற பயிற்சியில் இறக்கினார். ரண்டோரியில் இருவருமே மற்றவரை வீழ்த்த மெய்யாகவே முயல்வார்கள்; அடுத்த நொடி என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியாது. பார்வைக்குக் கொடிய உத்திகளைக் கைவிட்ட பள்ளி, எஞ்சிய சாதுவான உத்திகளை ஆயிரக்கணக்கான முறை முழுப் பலத்துடன் பழக முடிந்ததால்தான் வலுப்பெற்றது.

இதை நான் புரிந்துகொண்டது வேறு வழியில். ஜூடோவில் சேரும் முன் ஓராண்டு வேறொரு தற்காப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மணிக்கட்டை யாராவது பிடித்தால், அவருடைய கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருகி விடுவித்துக்கொள்வது அங்கே முதல் பாடம். நூறு முறை செய்திருப்பேன், நூறு முறையும் கை விடுபட்டது. ஒருநாள் உறவுக்காரப் பையன் ஒருவன், பதினேழு வயதுதான் இருக்கும், விளையாட்டாக என் மணிக்கட்டைப் பிடித்தான். நான் திருகினேன். அவன் விடாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனான். மறுகையால் என் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டு சிரித்தான். வகுப்பில் யாரும் என்னை இழுத்ததில்லை, மறுகையைப் பயன்படுத்தியதும் இல்லை. அந்த உத்தியில் பிழை ஒன்றும் கிடையாது, இன்றும் அதை நம்புகிறேன். ஆனால் பிடித்தவன் சும்மா நிற்பான் என்கிற அனுமானத்தையும் அதோடு சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தேன்.

கேள்வி: 1993இல் வெவ்வேறு கலைகளின் வீரர்களை மோதவிட்ட யு.எஃப்.சி. போட்டி ஜியு ஜிட்சுதான் சிறந்தது என்று நிரூபித்துவிட்டதே?

அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் எட்டு வீரர்கள் எடைப்பிரிவு இல்லாமல் மோதினார்கள். அவர்களுள் உருவத்தில் சிறியவர்களில் ஒருவரான ஜியு ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேஸி, ஏறக்குறைய 80 கிலோ எடையுடன், ஒரே இரவில் மூவரைப் பணியவைத்துப் பட்டம் வென்றார். தரையில் புரண்டு சண்டையிடத் தெரியாதவர் எவ்வளவு வலிமையான அடிகாரராக இருந்தாலும், கட்டிப்பிடித்து வீழ்த்தப்பட்ட மறுகணமே கையறு நிலைக்கு வந்துவிடுவார் என்பதை அந்தப் போட்டி ஐயமில்லாமல் காட்டியது. ஆனால் அது ஒருவருக்கு ஒருவர் மோதிய போட்டி. நடுவர் இருந்தார், ஆயுதம் இல்லை, தோற்றவர் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டால் வென்றவர் விட்டுவிடுவார். நடுத்தெருவில் இவற்றில் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

சிறியவர் பெரியவரை எளிதில் வென்றுவிடலாம் என்ற முடிவுக்கும் அதைக் கொண்டு வந்துவிடக் கூடாது. ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1964ஆம் ஆண்டு, அதன் தாய்மண்ணான டோக்கியோவிலேயே, எடை வரம்பற்ற பிரிவில் நெதர்லாந்தின் ஆன்டன் ஹேசிங்க் ஜப்பானின் அகியோ கமினாகாவை அமுக்கிப் பிடித்து வென்றார். ஹேசிங்க்கின் உயரம் 1.98 மீட்டர். இருவருக்கும் நுட்பம் தெரிந்திருக்கையில் உடலளவும் பேசத்தான் செய்யும். கிரேஸியின் எதிராளிகளில் பெரும்பாலோருக்கு அவருடைய நுட்பம் தெரிந்திருக்கவில்லை என்பதே அவருடைய பெரிய அனுகூலம்.

கேள்வி: குத்துச்சண்டையில் கைகளை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அது போதுமா?

எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே போதும். முகத்தை நோக்கி ஒரு கை வரும்போது கண்ணை மூடாமல், தலையைத் திருப்பாமல், கால்களைச் சிக்கவிடாமல் விலகுவதைக் குத்துச்சண்டை சில மாதங்களில் கற்றுக்கொடுத்துவிடுகிறது. வேறு எந்தக் கலையும் இதை இவ்வளவு விரைவாகக் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அடி வாங்கியும் நிற்க முடியும் என்று உடல் தெரிந்துகொள்வது இன்னொரு லாபம்.

குறைகள் இரண்டு. எதிராளி கட்டிப்பிடித்துவிட்டால் குத்துச்சண்டை நடுவர் வந்து பிரித்துவிடுவார், தெருவில் பிரிக்க ஆளில்லை. இரண்டாவது, 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகளிலிருந்து கையுறை கட்டாயமாகி, கையைக் காக்கும் அந்தப் பஞ்சை நம்பியே இன்றைய குத்துகள் வளர்ந்திருக்கின்றன. வெறும் முஷ்டியால் மண்டையோட்டில் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள கை எலும்புதான். எலும்பு மருத்துவர்கள் அந்த முறிவுக்கே குத்துச்சண்டைக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிக்கவும் பழகிக்கொள்வது இதற்கான எளிய மாற்று.

முய் தாய் இந்த முதல் குறையைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. கழுத்தைப் பற்றிக் கட்டுப்படுத்தும் கிளிஞ்ச் பிடியும், நெருக்கத்தில் பயன்படும் முழங்கை முழங்கால் அடிகளும் அதன் அன்றாடப் பாடங்கள்.

கேள்வி: தரையில் படுத்துச் சண்டையிடும் கலைகள் தெருவில் ஆபத்து என்கிறார்களே?

தரையில் தங்குவது ஆபத்து என்பது உண்மை. நீங்கள் ஒருவரை அழகாக அமுக்கிப் பிடித்திருக்கும்போது அவருடைய நண்பர் வந்து உங்கள் தலையில் உதைத்தால் அந்த அழகுக்கு மதிப்பில்லை. ஆனால் விழுவதும் விழாததும் எப்போதும் நம் விருப்பம் அல்ல. மேலே ஏறி உட்கார்ந்திருப்பவரைப் புரட்டிவிட்டு எழுவது எப்படி என்பது தரைச் சண்டை பழகியவருக்குத்தான் தெரியும். ஆகவே ஜியு ஜிட்சு பயில்பவர் தற்காப்பை மனத்தில் வைத்திருந்தால், மூட்டுகளை மடக்கிப் பணியவைக்கும் பூட்டுகளைக் காட்டிலும் கீழிருந்து விடுபடுவதற்கும் எழுந்து நிற்பதற்கும் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஜூடோவுக்கும் மல்யுத்தத்திற்கும் உள்ள தனிச் சிறப்பு, எதிராளியை வீழ்த்திவிட்டுத் தான் நின்றுகொண்டிருப்பதற்கான வாய்ப்பை அவை கொடுக்கின்றன என்பதே.

கேள்வி: கராத்தேவும் டேக்வாண்டோவும் பயனற்றவையா?

இல்லை. எப்படிப் பழகுகிறார்களோ அப்படியே பழக்கம் அமையும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். டேக்வாண்டோ 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக இருந்துவருகிறது; அந்தப் போட்டி விதிகளில் தலையைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தக் கூடாது. அதனால் போட்டிக்கென்றே பழகியவர்கள் பலருடைய கைகள் முகத்தைக் காக்காமல் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மசுதாட்சு ஓயாமா நிறுவிய கியோகுஷின் கராத்தேயில் உடலை முழுப் பலத்துடன் அடிக்கிறார்கள், ஆனால் முகத்தில் குத்துவது அதன் போட்டிகளில் விதிமீறல். இப்படிப்பட்ட இடைவெளியை அறிந்து, அதை அடைக்கச் சில மாதங்கள் குத்துச்சண்டை பழகும் கராத்தே வீரரை நான் எந்த நாளும் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

கேள்வி: கிராவ் மகா தற்காப்புக்காகவே உருவானது அல்லவா?

ஆம். இமி லிக்டென்ஃபெல்ட் என்பவர் 1930களில் பிராட்டிஸ்லாவாவில் யூத எதிர்ப்புக் கும்பல்களை எதிர்கொண்ட அனுபவத்தில் அதன் வித்து இருக்கிறது. பின்னர் இஸ்ரேலியப் படையினருக்குப் பயிற்றுவிக்கும் முறையாக அது வளர்ந்தது. விரைவாகத் தாக்கிவிட்டு விலகு, சுற்றிலும் பார், ஓடு என்னும் அதன் அடிப்படைச் சிந்தனையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தொல்லை, அதன் பயிற்சித் தரம் கூடத்துக்குக் கூடம் மாறுவதில்தான். வார இறுதிச் சான்றிதழோடு ஆசிரியராகிவிட்டவரும் உண்டு. உங்கள் கூடத்தில் முகக்கவசம் அணிந்து ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சி, செய்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: ஐகிடோ, தாய்ச்சி போன்றவை?

உடலுக்கும் மூப்புக்கும் நல்லவை. சண்டைக்கு என்றால், மறுமுனையில் இருப்பவர் ஒத்துழைக்கும் பயிற்சியே இவற்றில் மிகுதி. 2017இல் சீனாவின் செங்டு நகரில் கலப்புச் சண்டை வீரர் ஷு சியாவ்டோங், தாய்ச்சி ஆசான் ஒருவரை அரை நிமிடத்திற்குள் வீழ்த்திய காணொளி உலகெங்கும் பரவியது. அந்த ஆசானின் தோல்வியைவிட, முதல் அடி விழுந்ததும் அவர் கைகள் எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறியதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

கேள்வி: சிலம்பமும் வர்மமும் தற்காப்புக்கு உதவுமா?

சிலம்பம் கற்றுத்தரும் கால்வரிசையும் தொலைவை அளக்கும் கண்ணும் எந்தச் சண்டையிலும் கைகொடுக்கும். கைக்குக் கிடைக்கும் குடையோ தடியோ சிலம்பம் கற்றவரிடம் வெறும் பொருளாக இருக்காது. ஒருவர் வீச, மற்றவர் தடுத்துத் திருப்பி அடிக்கும்படி ஜோடியாகப் பழகுகிறீர்களா, அல்லது தனியாகச் சுழற்றிக் காட்டுவது மட்டும்தானா என்பதைப் பொறுத்துப் பயன் மாறும். வர்மப் புள்ளிகளைப் பொறுத்தவரை, அசையாமல் நிற்பவர் உடலில் ஒரு புள்ளியைத் தொடுவது வேறு, வியர்த்து, திமிறி, உங்களை அடித்துக்கொண்டிருப்பவர் உடலில் அதே புள்ளியைத் தேடுவது வேறு.

கேள்வி: கத்தியோடு வருபவரை எந்தக் கலையால் எதிர்கொள்வது?

ஓட்டத்தால். இது நையாண்டி அல்ல. அமெரிக்கக் காவல்துறைப் பயிற்றுநர் டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்றில், 21 அடி தொலைவில் நிற்பவர் ஒன்றரை நொடியில் வந்து குத்திவிட முடியும் என்று அளந்து காட்டினார்; உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். வெறுங்கையோடு நிற்பவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

நம்பிக்கை வராதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணுக்குக் கண்ணாடிக் கவசமும் உடம்புக்கு வெள்ளை பனியனும் போட்டுக்கொண்டு, நண்பர் கையில் மூடி திறந்த சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பறிக்கும் உத்தியை எல்லாம் முப்பது நொடி செய்து பாருங்கள். நாங்கள் செய்தபோது பேனாவை நான் பறித்துவிட்டேன். பெருமையோடு குனிந்து பார்த்தால், இடது முன்கையில் ஐந்து கோடு, விலாவில் மூன்று, கழுத்தோரத்தில் ஒன்று. அந்தக் கழுத்துக் கோடு எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. கேட்பது பணப்பையாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். தப்ப வழியே இல்லாதபோதுதான் கத்தி பிடித்த கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு போராடும் பேச்சே எழ வேண்டும்.

கேள்வி: பெண்களுக்கு எது ஏற்றது?

மேலே சொன்ன எல்லாமே. ஆனால் பெண்கள்மீதான பாலியல் தாக்குதல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அறிமுகமானவர்களால்தான் நிகழ்கிறது என்பதால், இருட்டுச் சந்தில் பாயும் முகமூடிக்காரனை மட்டும் கற்பனை செய்துகொண்டு வடிவமைத்த வகுப்பு பாதிக் கேள்விக்குக்கூட விடை தருவதில்லை. இந்த வகையில் நான் மிகவும் மதிக்கும் சான்று, சார்லீன் சென் தலைமையிலான குழு கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவியரிடம் நடத்தி, 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வு. ஒரு பாதியினருக்கு 12 மணி நேரப் பயிற்சி. மறுபாதியினருக்குத் தகவல் கையேடுகள் மட்டும். ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர் விகிதம் கையேடு பெற்றவர்களிடம் 9.8 சதவீதம், பயிற்சி பெற்றவர்களிடம் 5.2 சதவீதம்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் கைகால் உத்திகளுக்குக் கிடைத்தது ஒரு பகுதிதான். தெரிந்தவர் எல்லை மீறத் தொடங்கும் அறிகுறிகளை இனங்காண்பது, ‘இவர் இப்படிச் செய்ய மாட்டார்’ என்ற தயக்கத்தைக் கடப்பது, உரக்க மறுப்பது ஆகியவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் எவரும் குத்துச்சண்டை வீரராகிவிட முடியாது. ஆயினும் அந்த வேறுபாடு கிடைத்தது. ஆண்களுக்கான வகுப்புகளிலும் இந்தப் பகுதி இருந்தால் எத்தனையோ வீண் சண்டைகள் குறையும் என்பது என் சொந்தக் கருத்து.

கேள்வி: எவ்வளவு காலம் பயின்றால் தற்காத்துக்கொள்ளலாம்?

வாரம் மூன்று வகுப்பு, ஆறு மாதம், அதில் பாதி நேரமாவது ஸ்பாரிங் என்றால், பயிற்சியே இல்லாத ஒருவரிடமிருந்து தப்பிக்கும் அளவுக்கு வந்துவிடலாம். கறுப்பு பெல்ட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காணொளி பார்த்து வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். பார்த்து நீந்தக் கற்றவர் இருந்தால் அதுவும் முடியும்.

கேள்வி: எனக்கு வயது நாற்பதுக்கு மேல். இனி கற்று என்ன பயன்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள், அவர்களில் முதியவர்களே மிகுதி. ஜூடோவில் முதல் வாரத்திலிருந்தே கற்றுத்தருவது உக்கெமி, அதாவது முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் தரையை அறைந்து, அடிபடாமல் விழும் முறை. நான் கற்ற சண்டை உத்திகளில் ஒன்றைக்கூட வெளியே பயன்படுத்த நேர்ந்ததில்லை. ஈரப் படிக்கட்டில் வழுக்கியபோது உக்கெமி மட்டும் தானாகவே வந்தது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வயது கூடியவர்கள் தலையில் அடிவாங்கும் ஸ்பாரிங்கைக் குறைத்துக்கொண்டு பிடிச்சண்டையின் பக்கம் சாய்வது நல்லது. மூளை அதிர்ச்சி சேர்ந்துகொண்டே போகும் தன்மை உடையது.

கேள்வி: தற்காப்புக்காக அடித்தால் சட்டம் என்ன சொல்லும்?

விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக எல்லாச் சட்டங்களும் கேட்பவை இரண்டு: ஆபத்து அந்தக் கணத்தில் இருந்ததா, நீங்கள் செய்தது அந்த ஆபத்துக்கு ஏற்ற அளவில் இருந்ததா. விழுந்துவிட்டவரை மேலும் உதைத்தால் அது தற்காப்பாக இருக்காது. ஒரே குத்தில் நிலைதடுமாறிக் கெட்டித் தரையில் தலை மோதி இறந்தவர்கள் உண்டு என்பதையும், கழுத்தின் இருபுறமும் சரியாக நெரித்தால் பத்து நொடி அளவில் நினைவு தப்பிவிடும் என்பதையும் கற்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி: நல்ல பயிற்சிக்கூடத்தை எப்படி அடையாளம் காண்பது?

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுவதுமாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்க அனுமதிக்காத கூடத்தில் சேராதீர்கள். மூத்த மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும்போது சில வேளைகளில் ஒருவருடைய உத்தி தோற்க வேண்டும். எல்லாமே எல்லாருக்கும் வெற்றி பெறுகிறது என்றால் அங்கே நாடகம் நடக்கிறது. மாணவர் ‘அவன் இப்படிச் செய்தால் என்ன செய்வது மாஸ்டர்?’ என்று கேட்கும்போது, ‘செய்து பார்’ என்று சொல்லும் ஆசிரியர் நல்லவர். ‘எங்கள் கலை போட்டிக்கு ஆகாது, அவ்வளவு கொடியது’ என்று விடை வந்தால் கானோவை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். புதியவர்களைப் பெரியவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். காயத்தோடு வீட்டில் கிடப்பவர் எதையும் கற்பதில்லை.

கேள்வி: எல்லாம் சரி, ஆனால் ஸ்பாரிங் என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

அதை ஆசிரியரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் இதைக் கேட்டுப் பழகியவர். முதல் சில வாரங்கள் தொடுவதோடு நிறுத்தும் ஸ்பாரிங் போதும்: தோளைத் தொடுவது, முழங்காலைத் தொடுவது, தொடவிடாமல் விலகுவது. பல்காப்பை வெந்நீரில் இட்டுக் கடித்து உங்கள் பல்வரிசைக்குப் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள், வேகம் கூட்டும் நாளில் அது வேண்டும். ஜோடி சேரும் நேரத்தில், உங்களைப் போலவே பயந்திருக்கும் இன்னொரு புதியவரைத் தேடாதீர்கள். பயந்தவர்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பலத்துடன் வீசுவார்கள். கூடத்தில் இருப்பவர்களிலேயே நீண்ட காலம் பழகிய, பரபரப்பில்லாத ஒருவரிடம் போய், “அண்ணா, இன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவை, மெதுவாகச் செய்யலாமா?” என்று கேளுங்கள். அவர் பாதி வேகத்தில் விளையாடுவார், உங்கள் கை தாழும்போதெல்லாம் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். மூன்றாவது தட்டுக்குள் கை தானாக மேலே வந்துவிடும்.